தலையணைக்கு அடியில் ஒரு பலசரக்குக் கடை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் கட்டிலைப் பார்த்து எஸ்டேட் நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நான் மூலையில் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன். அவ்வளவு சிரிப்புக்கும் காரணம் என் தலையணை.

கதையை முதலிலிருந்தே சொல்கிறேன்.

மூன்று மாதமாகக் கழுத்து வலி. விடிந்தால் தலைவலியும் எழுந்துகொள்ளும் — என்னைவிடச் சுறுசுறுப்பாக. பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப வேண்டும், பஸ் ரிவர்ஸ் எடுப்பதுபோல.

எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்குவது என் வேலை. நீள மேசை, இரண்டு பக்கமும் பெண்கள். கறுத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் விரலால் தள்ளிவிட வேண்டும். பன்னிரண்டு வருஷமாக எனக்கு ஜன்னலோர இடம். ஆனால் இந்தத் தலைவலியோடு மணி அடிப்பதற்குள் போய்ச் சேர முடிந்தால்தானே?

எங்கள் வருகைக் கணக்கு எழுதும் ரைட்டர் நல்ல மனிதர்தான். அவரும் எத்தனை நாள் பொறுப்பார்?

“ஏனுங்கம்மா, தெனமும் லேட்டு. நீங்க கடைசி மேசைக்குப் போயிருங்க. ஆறு நாள் சேந்தாப்புல மணிக்கு முன்னால வந்து காட்டுங்க, ஜன்னலோரத்தைத் திருப்பித் தர்றேன்” என்றார்.

கடைசி மேசை இருட்டு. அங்கே என் கண்ணுக்கு எல்லாக் கொட்டையும் கறுப்பு. கொஞ்ச நாளில் என்னையும் கறுத்த கொட்டையோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்… நான் என்ன பதில் சொன்னேன் என்கிறீர்களா? தலையாட்டினேன். அதையும் முழுசாக ஆட்ட முடியவில்லை.

டிஸ்பென்சரிக்குப் போனேன். “எத்தனை தலகாணி வெச்சுப் படுக்கறீங்க?” என்றார் நர்ஸம்மா.

“ஒண்ணுதானுங்க.”

பொய்யில்லை. தலையணை ஒன்றுதான். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. மாத்திரை வாங்கி வந்தேன். வலி கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து ஊற்ற எங்கள் தெருவுக்கு வந்த நர்ஸம்மா எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்தார். “எங்க, படுத்துக் காட்டுங்க” என்றார். வெட்கத்தோடு படுத்தேன். தாடை நெஞ்சில் இடித்தது. எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தலையணையைத் தூக்கினார்.

எங்கள் மலையில் ஐப்பசி பிறந்தால் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். காகிதம் பூஞ்சை பிடிக்கும். தீக்குச்சியை உரசினால் மருந்து மாவாக உதிரும். அதனால் முக்கியமானதை எல்லாம் தலையணைக்கு அடியில் வைப்போம் — உடம்புச் சூட்டில் காயட்டும் என்று. எங்கள் தெருவில் எல்லாரும் செய்வதுதான். நான் கொஞ்சம் அதிகம்.

ரேஷன் கார்டு. பட்டா. மகள் போட்ட கடிதங்கள் ஒரு கட்டு. எட்டுத் தீப்பெட்டி. அவரை விதை ஒரு முடிச்சு. கடைசியாக ஒரு பெரிய அப்பளக் கட்டு.

“இது தலகாணியா, பலசரக்குக் கடையா?” என்றார் நர்ஸம்மா.

வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “அப்பளம் இங்கதான் இருக்குதா? தீந்துபோச்சுன்னு சொன்னாளுங்களே.”

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

நர்ஸம்மா சிரித்து முடித்துச் சொன்னார். “நாலு விரல் ஒசரம் போதுமுங்க. கழுத்துக்குக் கீழ பள்ளம் இல்லாமப் பாத்துக்கங்க. குப்புறப் படுக்காதீங்க. தெனமும் ஒரே நேரத்துல படுத்து எந்திரிங்க. பத்து நாள்ல தலைவலி நிக்கலீன்னா சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்.”

கடை காலியானது. தீப்பெட்டி அரிசி டின்னுக்குள் போனது. காகிதமும் விதையும் மூடி இறுகிய பிஸ்கட் டப்பாவுக்குள். அப்பளம் அன்றைக்கே எண்ணெயில்.

முதல் இரண்டு நாள் தூக்கமே பிடிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் பஸ் இறங்குவதுபோலத் தலை கீழே போய்க்கொண்டே இருந்தது. பட்டா பத்திரமாக இருக்கிறதா என்று எழுந்து போய்த் தடவிப் பார்த்தேன். “பட்டா எங்கயும் நடந்து போகாது, படு புள்ள” என்றார் வீட்டுக்காரர்.

எட்டாம் நாள் காலை. கண் விழித்தேன். ஏதோ ஒன்று குறைந்தது. என்ன அது? யோசித்தேன்… தலைவலி. அதைக் காணோம். கழுத்தை இடது பக்கம் திருப்பினேன், வலது பக்கம் திருப்பினேன், மறுபடியும் இடது பக்கம். முற்றத்துக் கோழி மேய்வதை விட்டுவிட்டு என்னையே பார்த்தது. அன்றைக்கு மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே மேசைக்குப் போய்விட்டேன். மறுநாளும். அதற்கு மறுநாளும்.

ஆறு நாள் ஆனது. ரைட்டர் மறந்தே போனார்.

போய்க் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். படித்தது ஐந்தாவது வரை. அந்த ஐந்து வருஷமும் எனக்காக ‘உள்ளேன் ஐயா’ சொன்னது பக்கத்துப் பெண். ஆனால் அன்றைக்குத் தலை லேசாக இருந்தது. லேசான தலைக்குப் பயம் உறைக்காது போலிருக்கிறது.

“ஏனுங்க ரைட்டரே, ஆறு நாள் ஆச்சுங்க. என்ற எடத்தைக் குடுங்க.”

அத்தனை கைகளும் நின்றன. யார் பேசியது என்று ரைட்டர் மேசை முழுக்கத் தேடினார். ஜன்னலோரம் என் இடத்தில் உட்கார்ந்திருந்த வாழவந்தி ஊர்ப் பெண் தானாகவே எழுந்து, “வாங்க பெரிம்மா” என்று நகர்ந்து கொடுத்தாள்.

ரைட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பன்னண்டு வருசமா உங்க கொரலையே நான் கேட்டதில்லீங்களே. நீங்க பேசுவீங்களாம்மா?”

“நல்லாத் தூங்குனாப் பேசுவனுங்க.”