பாதாளக் கரண்டி

தம்பி மகள் எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தாள். அவளுடைய பிள்ளை, கண்ணில் பெரிய நீலக் கண்ணாடியோடு, வில்லாபுரம் பக்கம் ஏதோ நீச்சல் குளத்தின் ஓரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. கீழே தம்பியின் குரல் பதிவு. "எங்களுக்கெல்லாம் எவன் சொல்லிக் குடுத்தான்? மோட்டார் ரூம் மேல ஏறிக் கெணத்துல குதிச்சோம், தன்னால நீச்சல் வந்துச்சு. அதெல்லாம் ஒரு காலம்."

முதலில் சிரிப்புத்தான் வந்தது. இரண்டாம் தடவை கேட்டபோது எரிச்சல் வந்தது. தன்னால வந்ததாம்.

அலங்காநல்லூர் போகிற சாலையில் எங்கள் ஊர். கிராமம் என்று சொன்னால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும், டூரிங் டாக்கீஸ் இருந்ததே. வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்தில் கிணறு. பாசி வாசனையும் மோட்டார் கிரீஸ் வாசனையும் கலந்து கிடக்கும். இப்போதும் மெக்கானிக் கடையைத் தாண்டும்போது கொஞ்சம் நின்றுவிடுகிறேன். கடைக்காரர் வண்டி எங்கே என்று கேட்கிறார். என்னிடம் ஏது வண்டி?

எழுபதுகளில் கோடை விடுமுறை முழுக்க அந்தக் கிணற்றில்தான் கிடந்தோம். பாவாடைக்குள் காற்றைப் பிடித்து உப்பவைத்து மிதப்பேன். காதில் தண்ணீர் ஏறினால் வெயிலில் காய்ந்த கல்லை எடுத்துக் காதோடு வைத்துக்கொள்வோம், கதகதவென்று தண்ணீர் வெளியே வரும். தம்பி இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கடைசிப் படியிலேயே உட்கார்ந்திருப்பான். "அக்கா, விட்ராதக்கா, செத்துப் போவேன்க்கா" என்று அழுவான். அவன் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துப் பழக்கி, ஒருநாள் அவனுக்குத் தெரியாமல் குடுக்கையை அவிழ்த்துவிட்டவள் நான். அந்தத் 'தன்னால' இதுதான்.

கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். வளைந்த கொக்கிகள் கொத்தாகத் தொங்கும் இரும்பு. அதற்குத் துழாவத்தான் தெரியும், எனக்குக் கண் தெரியும். நான் மூச்சைப் பிடித்து அடிவரைக்கும் போய் வாளியோடு வருவேன், போய் வந்ததற்குச் சாட்சியாக மறு கையில் ஒரு பிடி சேறு. கடைசியில் தெருவே என்னைப் பாதாளக் கரண்டி என்று கூப்பிட ஆரம்பித்தது. அப்பாகூட, "எங்கம்மா நம்ம பாதாளக் கரண்டி?" என்பார். அந்தப் பேரில் எனக்கு எம்புட்டுப் பெருமை.

ஒரு மழைக்காலத்தில் நான் பெரியமனுஷி ஆனேன். தாய்மாமா தோட்டத்து ஓரத்தில் பச்சைத் தென்னோலையில் குச்சு கட்டினார், என்னை அதற்குள் உட்கார வைத்தார்கள். எனக்குத் தலைக்கு ஊற்றுவதற்கென்றே சிம்மக்கல்லில் புதுப் பித்தளைக் குடம் வாங்கி வந்திருந்தார். அத்தை அதைக் கிணற்றில் விட்டுச் சேந்தும்போது கயிறு நழுவிவிட்டது. சீர்க் குடம் மூழ்கினால் சகுனம் சரியில்லை என்று பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். கிணறு நிரம்பிக் கிடந்தது. கரண்டி துழாவியது, அகப்படவில்லை. மாமாவும் இன்னும் சிலரும் குதித்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். தம்பி பாதி ஆழம் போய்விட்டுத் திரும்பினான்.

எல்லாவற்றையும் ஓலைச் சந்து வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கை பரபரத்தது.

"அம்மா, நான் எறங்கி எடுத்துத் தாரேன்ம்மா."

"வாய மூடு. ஆம்பளைக நிக்கிறாக. இனிமே கெணத்துப் பக்கம் ஒன்னயப் பாத்தேன், கால ஒடிச்சிருவேன்."

அப்பாவைப் பார்த்தேன். அவர் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறொரு பழைய குடத்தில் மொண்டு வந்து எனக்கு ஊற்றினார்கள். அதே கிணற்றுத் தண்ணீர்தான். அது என் தலைமேல் வரலாம், நான் அதற்குள் போகக்கூடாது.

சடங்கு முடிந்ததும் விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். என்ன ஒரு அறிவு எனக்கு. அடுத்த கோடையில் நான் அடுப்படியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன், தோட்டத்தில் தம்பியும் அவன் கூட்டாளிகளும் தொப்புத் தொப்பென்று குதித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை. அந்த வெறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அப்பா காலத்துக்குப் பிறகு தம்பி தோட்டத்தைப் பிளாட் போட்டு விற்றான். இடித்த வீட்டுச் செங்கல்லும் மண்ணும் கொட்டிக் கிணற்றை மூடினார்கள், குடத்தோடு சேர்த்து. மேலே இப்போது யாரோ மாடி வீடு கட்டிக் கார் நிறுத்துகிறார்கள். என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் ஒருவரும் இன்று இல்லை.

படத்துக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே தம்பி மகள் கேட்டிருந்தாள்: "அத்தை, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

நான் எழுத்தைத் தேடுவதற்குள் தம்பியின் குரல் வந்துவிட்டது. "அக்காவுக்கா? அது கெணத்துப் பக்கமே வராது. தண்ணின்னாலே பயம்."

அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் அவனுக்கு ஞாபகம். இந்த வயதிலும் அவன் கண் முன்னால் குதித்து, அந்தக் குடத்தையும் ஒரு பிடி சேற்றையும் கொண்டு வந்து காட்டியிருப்பேன். கிணறுதான் இல்லை.