அப்பாவின் முகத்தில் முளைத்த தழும்புகள்

அப்பா இறந்த பத்தாம் நாள், திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருமுனை ஸ்டூடியோவில் நான் ஒரு தவறு செய்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும். என் போனில் இருந்த படங்களிலெல்லாம் அப்பா மூக்கில் குழாயோடு இருந்தார். அதனால் கல்யாணத்துக்கு முன் அவர் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்தேன். பீரோவில் கிடந்து பூஞ்சை பிடித்த படம். கன்னத்தில் வெளிறிய புள்ளிகள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்டூடியோக்காரர் ஸ்கேன் செய்துவிட்டு, "கொஞ்சம் மங்கலா இருக்குக்கா. ஷார்ப் பண்ணிரவா?" என்றார்.

"நல்லாப் பண்ணுங்க" என்றேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

நல்லாத்தான் பண்ணினார். கீரமங்கலத்தில் காரியம் நடந்த சித்தப்பா வீட்டு வாசலில் அப்பா பத்தடி உயரத்துக்கு நின்றார். சட்டையில் தையலை எண்ணலாம். பூஞ்சைப் புள்ளி ஒவ்வொன்றும் கறுப்பு விளிம்பு கட்டிக் குழி விழுந்து, கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு.

நான் பதறினேன். வந்தவர்கள் பதறவில்லை. "நேர்ல பாக்குற மாதிரியே இருக்கு" என்றார்கள். சித்தப்பா ஒரு படி மேலே போனார். "அண்ணனுக்கு அம்மை போட்டப்ப நாந்தேன் வேப்பெலை ஒடிச்சாந்தேன்."

அத்தை விடுவாரா? "நீ எங்க ஒடிச்ச? பயந்துக்கிட்டு அங்கிட்டுப் போய்ப் படுத்துக்கிட்ட. நாந்தேன் எளநி வெட்டிக் குடுத்தேன்."

பந்தியில் பாயசம் வருவதற்குள் அப்பாவுக்கு மூன்று முறை அம்மை இறங்கிவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு, அவருக்கு வராத நோய்க்குப் பணிவிடை செய்ய எவ்வளவு நேரம் இருந்திருக்கிறது!

"சித்தப்பா, அது படத்துல பிடிச்ச பூஞ்சை" என்றேன்.

"நீ அப்பப் பொறக்கவே இல்லத்தா."

பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனேன்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் என் மகள் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. "அம்மா, தாத்தாவுக்கு நெசமாவே அம்மை போட்டுச்சா?"

திருச்சியில் கல்லூரியில் படிக்கும் அவளைத் தினமும் காலையில் பஸ் ஏற்றிவிட்டவர் அவர். கண்ணாடி பார்க்காமல் சவரம் செய்துவிட்டு, "எங்கயாச்சும் விட்டுப்போச்சா பாரு" என்று கன்னத்தைக் காட்டுவார். அவள் தடவிப் பார்த்துச் சொல்வாள். அந்தக் கைக்கே சந்தேகம் வந்துவிட்டது, பதினாறே நாளில். ஒரு வருஷம் போனால் அவளுக்கு எந்த முகம் மிஞ்சும்? "இல்லை" என்றேன். சொல்வதற்கு முன் நானே ஒரு கணம் யோசித்ததை அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய படத்தை அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, புள்ளிகளை விரலால் தடவினாள்.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போய், சுவரில் மாட்டுவதற்கு ஷார்ப் பண்ணாத படத்தையே போடச் சொன்னேன்.

"மங்கலால்ல இருக்கும்?"

"இருக்கட்டும்."

அடுத்த வாரம் வந்த சித்தப்பா, மாலைக்குள் இருந்த முகத்தை நெருங்கிப் போய்ப் பார்த்தார். "தழும்பைக் காணோமே. கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டீங்களா? மனுஷன இருந்தபடியே விடக் கூடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "எதையும் அழிக்கல, சின்னத் தாத்தா. நான் தினம் தொட்டுப் பாத்த கன்னம் இதுதான்."

"நீங்கள்லாம் அப்பப் பொறக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு, சித்தப்பா காபிக்குக் கையை நீட்டினார்.