ஷட்டவுன் வந்தால் சந்தோஷம்

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் அணுமின்சாரம் பற்றி விளக்கக் கூட்டம் வைத்தார்கள். அணுவுக்கும் எனக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கூட்டம் முடிந்ததும் நாசி லெமாக் சாப்பாடு உண்டு என்று நோட்டீஸில் போட்டிருந்தது, போனேன். பக்கத்தில் என் மனைவி செல்வி. மேடையில் ஓர் இளம் இஞ்சினியர் பெண். நிலையம் வந்தால் சுற்றுவட்டாரத்துக்கு என்னென்ன கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா எரிபொருள் மாத்தணும், அப்போ ஷட்டவுன் இருக்கும்" என்றாள். முன்வரிசையில் ஒரு பெரியவர் பதறி எழுந்தார்.

"கட்டுன ஒரு வருஷத்துலயே மூடிருவீங்களாம்மா?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். செல்வி என் தொடையில் கிள்ளினாள். அவளும் சிரித்துக்கொண்டேதான் கிள்ளினாள். எங்கள் கல்யாணமே ஷட்டவுன் என்ற அந்த ஒரு வார்த்தையால் நின்றுபோக இருந்தது.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. மேரு என்ற ஊருக்கு அப்பால் கடலோரத்தில் ஒரு மின்நிலையம். அங்கே குத்தகை எடுத்திருந்த ஒரு கம்பெனியில் எனக்கு டைம் கீப்பர் வேலை. யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று நோட்டில் எழுதவேண்டும். பேர்தான் டைம் கீப்பர். என் கையில் கடிகாரம் கிடையாது, கிரேன் ஓட்டுநரிடம் கேட்டுத்தான் எழுதுவேன். இன்றைக்கும் எங்கள் தாமான் வீடுகளில் யாராவது வாசல் கேட்டுக்கு வெல்டிங் வைத்தால் எனக்குப் பசிக்கும். வெல்டர்களோடு நேராகப் பாய் கடைக்குப் பசியாறப் போன பழக்கம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த பாய், ஒரு தகரக் கொட்டகையில் நம் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் புகையும் இந்தப் புகையும் என் மூக்குக்குள் ஒன்றாகிவிட்டன.

வருஷத்துக்கு ஒருமுறை எந்திரத்தை நிறுத்திப் பிரித்துப் போட்டுச் சுத்தம் செய்து, பழுது பார்த்து மறுபடி மாட்டுவார்கள். அதற்குப் பெயர்தான் ஷட்டவுன். அப்போது ஈப்போவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் ஆட்கள் படையாக வந்து இறங்குவார்கள். மேருவில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்காது. துணி வெளுப்பவர், முடி வெட்டுபவர், பூட்ஸ் விற்பவர் எல்லாருக்கும் அந்த இருபது நாள்தான் தீபாவளியும் பெருநாளும். பாய் கடன் வாங்கியாவது நாலு மேசை கூடுதலாகப் போட்டுவிடுவார். எந்திரம் ஓடும் மாதங்களில் நாங்கள் கொஞ்சம் ஈயோட்டிக்கொண்டுதான் இருப்போம்.

இந்த விவரமெல்லாம் செந்தூலில் இருந்த செல்வியின் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெண் பார்த்துப் பேசி முடித்தபிறகும் மனசு கேட்காமல் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க பஸ் ஏறி வந்திருக்கிறார். நேராக வந்து உட்கார்ந்தது பாய் கடையில்.

"அந்தத் தம்பிக்கு வேலையெல்லாம் நிரந்தரந்தானா பாய்?"

"அவருக்கென்னண்ணே! அடுத்த மாசம் ஷட்டவுன். எங்க எல்லாருக்கும் கொண்டாட்டம் லா!"

மனிதர் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. ரெண்டு நாள் கழித்துப் பாய் கடைக்குப் போன் வந்தது. செல்வி, தான் வேலை பார்த்த சுங்கை வே தொழிற்சாலையின் காசுப் போனிலிருந்து பேசினாள்.

"அப்பா வேணாங்குறாரு. உங்க கம்பெனிய மூடப் போறாங்களாம், அதுக்கு ஊரே கொண்டாடுதாம். ஊரே சந்தோஷப்படுற அளவுக்கு அப்படி என்னங்க கொடும பண்ணீங்க?"

நான் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் போட்ட காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. விஷயத்தைக் கேட்ட பாய் தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லா, ஒன் கல்யாணத்த நானே ஷட்டவுன் பண்ணிட்டேனே!"

ஷட்டவுன் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், அடுப்பைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டுப் பாய் தன் வேனை எடுத்துக்கொண்டு செந்தூலுக்கே போய்விட்டார். என்ன பேசினாரோ, மாமாவை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். மேரு ரோட்டில் லோரிகள் நகரவே இல்லை. கடையில் உட்கார இடமில்லை. மாமா நின்றுகொண்டே ரொட்டி சானாய் சாப்பிட்டார். ஆட்கள் தட்டை ஏந்திக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்தவர், சட்டைக் கையை மடித்துவிட்டு ரெண்டு மேசைக்குத் தே தாரிக் கொண்டுபோய் வைத்தார். நான் ஒரு மூலையில் கைகட்டி நின்றேன். கடைசியில் என்னிடம் வந்தார்.

"மூடுனதுக்கே இவ்ளோ கூட்டம்னா, தொறந்தா எப்படி இருக்கும் மாப்ள?"

திறந்தால் ஈதான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த 'மாப்ள' போதும் எனக்கு. ஷட்டவுன் முடிந்த மறுமாதம் கல்யாணம். பந்தியில் பாய் அண்டா அண்டாவாக ரோஸ் சர்பத் கலக்கிக்கொண்டு நின்றார்.

பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்தில் அந்தப் பெரியவருக்கு இஞ்சினியர் பெண் ஷட்டவுனை விளக்கி உட்காரவைத்த பிறகு, நானும் ஒரு கேள்வி கேட்டேன். "அப்ப வர்ற ஆளுங்க எங்கம்மா சாப்பிடுவாங்க, எங்க தங்குவாங்க?"

"உள்ளயே ஹாஸ்டல், கேன்டீன் எல்லாம் இருக்கும் அங்கிள். வெளிய அலைய வேண்டியதில்ல."

"அலையணும்மா. அலைஞ்சாதான் வட்டாரத்துக்கு ஏதாச்சும் கெடைக்கும்."

அவள் பேனாவை எடுத்தாள். பிறகு, "எழுதிக்கிறேன் அங்கிள்" என்று உண்மையாகவே எழுதிக்கொண்டாள். நல்ல பெண். நாசி லெமாக்கும் நன்றாக இருந்தது.

அடுத்த ஞாயிறு செல்வி மேருவுக்குப் போகலாம் என்றாள். போனோம். மின்நிலையத்தில் அப்போது ஷட்டவுன்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் வேலையாட்கள் இப்போது கம்பெனி பஸ்ஸில் வந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உள்ளே போய், பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறார்கள். பாய் ஊருக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டார். மாமாவும் இல்லை. கடை இருந்த இடத்தில் பெரிய கிடங்கு, இரும்புக் கதவை இழுத்துப் பூட்டியிருந்தார்கள். சாலையில் ஓர் ஆள் இல்லை. செல்வி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா பாத்தா நம்பவே மாட்டாரு. 'ஷட்டவுன்னு சொல்லுறீங்க, கூட்டத்தக் காணோமே மாப்ள'ன்னு கேப்பாரு."