பிரான்ஸ் மாத்திரை

சாரம் பகுதியில் உள்ள எலும்பு டாக்டரின் கிளினிக்கில் ஒருவரைப் பார்த்தேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடது கையால் பேண்டின் இடுப்பை முன்னால் இழுத்து, இன்னோர் ஆள் நுழையக்கூடிய இடைவெளியை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். எடை குறைய வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவராம். பழைய பேண்டை இதற்கென்றே போட்டு வந்திருக்க வேண்டும்.

பெரிய மார்க்கெட் அருகே ஆட்டோ பிரேக் போட்டபோது கம்பியைப் பிடித்தாராம், கை முறிந்துவிட்டது. ஆட்டோக்காரனைத்தான் வைதார்.

அதே ஆபரேஷனுக்குப் பிறகு எலும்பு பலவீனமாகிவிட்ட என் அண்ணிக்கு உள்ளே எலும்பு மருந்தை டிரிப்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"மாத்திரை இந்த வயித்துக்கு ஒத்துக்காது, டிரிப்ஸ்தான் ஏத்தணும்ங்கறாரு டாக்டர். அவருக்கு என்னா தெரியும்? பாரீஸ்லேந்து தங்கச்சி எலும்பு மாத்திரை அனுப்புது. காலைல காபியோட போட்டுக்கறேன்."

"காபியோட போட்டா உடம்புல சேராதுங்களே."

"நம்ம ஊரு மாத்திரை சேராது. இது பிரான்ஸ் மாத்திரை."

அதற்கு மேல் அவரிடம் பேச எனக்குப் பிரெஞ்சு தெரியாது.

உள்ளே போய் எலும்பு ஸ்கேன் முடிவைக் கேட்டுவிட்டு வந்தார். புதிதாக வந்து உட்கார்ந்தவரிடம் மறுபடி இடுப்பை இழுத்துக் காட்டி, "எலும்பும் தோலுமா ஆயிட்டேன், பாருங்க" என்றார்.

தோலைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை.