வடக்கே காட்டிய அம்புக்குறி

வெள்ளவத்தையில் வாடகைக்கு இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வீட்டுக்காரியைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்காரி பாலேஸ்வரியின் கதை மெயின் சுவிட்ச். வாடகைக்குள்ளேயே கரண்டும் அடக்கம் என்பதால், மாடிக்குப் போகும் கரண்டைக் காலையில் நிறுத்தினால் பொழுதுபட்டுத்தான் போடுவா. அதுவும் ஒரேயொரு பல்புக்கு.

அந்த மாடியில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தவர்கள்தான் ஸ்ரீஸ்கந்தராசாவும் மனைவி நாகேஸ்வரியும். புற்றுநோய்க்கு மருந்தெடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். போரில் யாழ்ப்பாணப் பாதை பூட்டியதோடு இங்கேயே நின்றுவிட்டார்கள். மருந்து ஏற்றிய உடம்பு, மேலே தகரம். பகல் முழுக்க அந்த மனுசி அவிந்தா.

ஸ்ரீஸ்கந்தராசா ரேடியோ திருத்துகிறவர். வாய் பேசாது, கை பேசும். ஒரு சின்ன சோலார் பனல், ஒரு பற்றறி, பழைய காரில் கழற்றிய ஃபேன் எல்லாம் தேடி எடுத்தார். பக்கத்து ஃபிளாட் மறைப்பதால் பனலை ஒரே பக்கம் பார்த்து வைத்தால் பற்றறி அரைவாசிதான் ஏறியது. மத்தியானமே ஃபேன் நின்றது. அதனால் பனல் வெயிலின் பின்னால் திரும்ப வேண்டும் என்றார். தெஹிவளையில் ஃபோன் திருத்தும் மஷூரிடம் ஒரு சிப் வாங்கி, அது என்ன செய்ய வேண்டுமென்று கொம்பியூட்டரில் பாடம் எழுதி ஏற்றினார். வெளிச்சம் பார்க்கும் கண் இரண்டு; எந்தக் கண்ணில் வெயில் கூடவோ அந்தப் பக்கம் கார் வைப்பர் மோட்டர் ஒன்று பனலைத் திருப்பும்.

பனல் திரும்பும் அச்சு வடக்குத் தெற்காக நேரே நிற்க வேண்டுமாம். அதற்காக மாடித் தரையில் வெள்ளைப் பெயின்றால் வடக்கு நோக்கி ஒரு நீளமான அம்புக்குறி கீறினார். அதற்கு மேலே நாங்கள் வழக்கம்போல உடுப்புக் காயப்போட்டோம். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

"இண்டைக்குத்தான் வேர்க்காமல் நித்திரை கொண்டனான்" என்றா நாகேஸ்வரி. அன்று அவவின் முகத்தைப் பார்க்க எனக்கே வயிறு குளிர்ந்தது.

பிறகு புலிகளின் விமானம் கொழும்புக்கு வந்தது. சோதனை கூடியது. ஒருநாள் காலை, ஸ்ரீஸ்கந்தராசா கடைக்குப் போயிருக்க, அடுத்த ஒழுங்கையில் சுற்றிவளைப்பு என்று செய்தி வந்தது. நாகேஸ்வரி எழும்பிப் போய் சிப்பையும் கண்களையும் மோட்டரையும் பிடுங்கி, ஷொப்பிங் பையில் போட்டு, பின்னாலிருந்த கால்வாயில் எறிந்தா.

அவர் வந்து பார்த்துத் திகைத்து நின்றார்.

"இஞ்சாருங்கோ, வயரும் பற்றறியும், தன்பாட்டிலை திரும்புற சாமானும். குண்டெண்டு சொல்லி உங்களைக் கொண்டு போயிடுவாங்கள். எனக்குக் காத்து வேண்டாம். நீங்கள் இருந்தால் காணும்."

அவர் அறுந்து தொங்கிய வயர்களைச் சுருட்டி வைத்தார்.

சோதனைக்கு மாடி ஏறி வந்த ஆமிக்காரர்கள் பனலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பினார்கள். அப்போதுதான் காற்றில் ஒரு சேலை விலகியது.

"மே மொகக்த?" என்றான் அதிகாரி, அம்புக்குறியைக் காட்டி. இது என்ன?

பனல் வெயிலோடு திரும்ப வைத்த அடையாளம் என்று ஸ்ரீஸ்கந்தராசா தெரிந்த சிங்களத்தில் சொன்னார். எங்கே, திருப்பிக் காட்டு என்றான் அவன். திருப்புவதற்கு என்ன இருந்தது? கால்வாயில் எறிந்தது என்று சொன்னால் எறிந்தது யார் என்று கேட்பார்கள். மனைவியை ஒருதரம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். விமானத்துக்கு வழி காட்டியவன் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதன்பிறகு நாகேஸ்வரி தினமும் உடுப்புக் கொடிக்கு முண்டு கொடுக்கும் தடியோடு கால்வாய்க் கரையில் நின்று சேற்றைக் கிளறினா. "அதைக் காட்டினால் விட்டிடுவாங்கள்" என்பா. நாங்கள் கையைப் பிடித்து இழுத்து வந்தாலும் திரும்பப் போவா. ஒரு மழையில் நனைந்து காய்ச்சல் வந்தது. அந்த உடம்பு அதைத் தாங்கவில்லை. கொள்ளி வைக்க அவரை விடவில்லை. பாழாய்ப்போன அம்புக்குறி!

குற்றம் ஒன்றும் இல்லையென்று அவரை விட்டபோது போரும் முடியப்போகிற காலம். அவர் வருகிறார் என்றதும் பாலேஸ்வரி மாடியைக் கூட்டித் துடைத்து, தன்னுடைய மேசை ஃபேனைக் கொண்டுபோய் வைத்தா. நடுப்பகலில் மெயின் சுவிட்சையும் போட்டா. ஃபேன் வெறும் கட்டிலுக்கு வீசிக்கொண்டிருந்தது.

அவர் உள்ளே வந்து, குனிந்து அதை நிறுத்தினார்.

"இனி ஆருக்கு, அக்கா?"