லாமாவுக்கு மை தீட்டிய சண்முகண்ணை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு வடித்துக்கொண்டு நின்றபோது மனோர் பார்க் பகுதியிலிருந்து தேவன் போன் எடுத்தான். சண்முகண்ணையோடு ஒரே வீட்டில் அறை எடுத்து இருந்தவன். "அக்கா, சண்முகண்ணை மோசம் போயிட்டார்" என்றான். எனக்கு அழுகைக்கு முதல் கோபம்தான் வந்தது. மனுசன் கடைசிவரை இந்த லண்டனிலேயே அடைபட்டுக் கிடந்து போய்விட்டாரே என்ற கோபம். செத்தவீட்டில் உங்களில் பலர், "அமைதியான மனுசன், கிடைத்ததோடு திருப்திப்பட்டவர்" என்று பேசிக்கொண்டீர்கள். அது சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கிழக்கு லண்டனில் ஒரு கல்லூரியின் சின்னக் கோளரங்கத்தில் நானும் அவரும் ஒன்றாக வேலை செய்தோம். நான் டிக்கெட் கிழிப்பேன். அவர் கூரையில் வானத்தைக் காட்டும் இயந்திரத்தை ஓட்டுவார். எண்பதுகளின் நடுவில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர். அவருடைய கடவுச்சீட்டைக் குடிவரவு அதிகாரிகள் வாங்கி வைத்திருந்தார்கள். அகதிக் கேஸ் வருடக்கணக்கில் இழுபட்டது. ஆனால் இயந்திரத்தில் ஒரு குமிழைத் திருகினால் எந்த நாட்டு வானமும் தலைக்கு மேல் வந்துவிடும். "உலகமெல்லாம் சுத்திக் காட்டுறன் தங்கச்சி, எனக்கு டோவர் துறைமுகத்தைத் தாண்ட ஏலாது" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

எலேனா என்றொரு நர்ஸ். பெரு நாட்டில், அந்தீஸ் மலைக் கிராமமொன்றில் பிறந்தவள். லண்டனிலிருக்கும் தன் சனத்துக்கு அவர்களுடைய வானத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டு வந்தாள். சண்முகண்ணை கிழமைக்கணக்கில் மினைக்கெட்டார். அந்த வானத்தில் லாமா இருக்கிறது, நரி இருக்கிறது என்று எங்கோ வாசித்துவிட்டு, பெரிய நட்சத்திரங்களைக் கோடு போட்டு இணைத்து ஒட்டகத்தின் தம்பி மாதிரி ஒரு லாமாவை உண்டாக்கினார். காட்சி முடிந்தும் ஒருவரும் கை தட்டவில்லை. எலேனாதான் மெதுவாகச் சொன்னாள்: "நீங்கள் வெளிச்சத்தில் தேடியிருக்கிறீர்கள். எங்கள் விலங்குகள் இருட்டில் இருக்கின்றன." பால்வெளி அவர்களுக்கு ஓர் ஆறு. அந்த வெளிச்சத்தின் நடுவே கறுப்பாகக் கிடக்கும் திட்டுகள்தான் லாமா, அதன் குட்டி, நரி, தேரை, பாம்பு எல்லாம்.

"நான் ஒரு சரியான மொக்கன்" என்று தலையில் கை வைத்தார். ஆனால் அவருடைய இயந்திரத்துக்கு வெளிச்சம் போடத்தான் தெரியும். இருட்டை எப்படிப் போடுவது? அடுத்த நாள் என்னிடம் வந்து, "தங்கச்சி, உங்கட கண் மை கொஞ்சம் தாங்கோ" என்றார். பால்வெளியைக் காட்டும் கண்ணாடித் தகட்டில் மையால் லாமாவை வரைந்தார். விளக்குச் சூட்டில் மை உருகி வழிய, லாமாவுக்கு ஏழெட்டுக் கால் முளைத்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பிறகு சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் வாங்கி வந்து முடித்தார்.

இரண்டாவது காட்சியில் எலேனாவின் மாமா, வயதானவர், எழுந்து நின்று ஒவ்வொரு கறுப்புத் திட்டையும் பெயர் சொல்லிக் காட்டினார். முடிவில் வழக்கம்போல சண்முகண்ணை நட்சத்திரங்களை மங்கச் செய்தார். கிழவர் பதறிப்போனார். எலேனா காரணம் சொன்னாள். ஜூன் மாத விடியலில் அவர்கள் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பார்ப்பார்கள். நமக்குக் கார்த்திகைப் பெண்கள். அவர்களுக்குத் தானியக் களஞ்சியம். அது மங்கித் தெரிந்தால் மழை பிந்தும் என்று உருளைக்கிழங்கு நடுவதைத் தள்ளிப்போடுவார்களாம். சண்முகண்ணை வெளிச்சக் குமிழை மறுபக்கம் முழுக்கத் திருகினார். "கிழங்கை நேரத்தோடை நடச் சொல்லுங்கோ" என்றார்.

கிழவர் அவரைத் தங்கள் கிராமத்துக்கு வரச்சொல்லிக் கையைப் பிடித்துக் கேட்டார். சண்முகண்ணை எங்கெல்லாமோ விசாரித்தார். "போனா திரும்பி வர ஏலாது. இருந்தா வெளிக்கிட ஏலாது. நல்லா மாட்டுப்பட்டன்" என்றார். அதற்குப் பிறகு, காட்சி இல்லாத நேரங்களில் அந்தக் கிராமத்து வானத்தைப் போட்டுவிட்டுத் தனியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் தேநீர் கொண்டுபோனேன். முகம் நனைந்திருந்தது. "வெளியிலை போங்கோ" என்று கத்தினார். அத்தனை வருடத்தில் என்னிடம் அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு தரம்தான். இப்போது சொல்லுங்கள், இதுவா திருப்தி?

கேஸ் முடிந்து, அகதிகளுக்குக் கடவுச்சீட்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் பயணப் பத்திரம் வந்தபோது அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகியிருந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். தவறினால் உயிருக்கு ஆபத்து. கட்டிலில் இருந்தபடி பத்திரத்தை வாசித்தார். "இலங்கையைத் தவிர எல்லா நாட்டுக்கும் போகலாமாம்" என்று என்னிடம் நீட்டினார். "நீங்களே வைச்சிருங்கோ. பாத்தா விசர் வருது."

போன கிழமை எலேனா ஊருக்குப் போனாள். அவருடைய சாம்பலில் ஒரு பிடி அவளோடு போயிருக்கிறது. விமான நிலையத்தில் அதை ஒருவரும் மறிக்கவில்லையாம்.

பத்திரம் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்திலும் ஒரு முத்திரை கிடையாது. ஆள் இறந்தால் அதை அதிகாரிகளுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தேவன் சொல்கிறான். அனுப்ப மாட்டேன். வேண்டுமென்றால் அவர்கள் காத்திருக்கட்டும்.