பிளஸ்ஸி பார்த்த பக்கம்

பிளஸ்ஸியின் கருவிழிகள் பிறந்ததிலிருந்தே ஓயாமல் ஆடும். முகத்தை வலப்பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தால்தான் அவை அடங்கும், எழுத்தும் தெளியும். பள்ளி, கல்லூரி எல்லாம் அப்படியே படித்துத்தான் 2006இல் நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போனாள். அங்கே மானிட்டரை இடப்பக்கம் தள்ளிவைத்துக்கொண்டாள், அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் சேலையூர் சபைக்குத்தான் பொறுக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும்போது, வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பாடகர் குழுப் பையன்களைப் பார்க்கிறாளாம்! சபைச் செயலாளர் ஜெபராஜ் அவளைக் கூப்பிட்டார்.

"கண்ணைப் பத்தியெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நேரா பார்த்து வாசி. இல்லேன்னா வேற யாராவது வாசிக்கட்டும்."

"அடுத்த வாரமும் நான்தான் வாசிப்பேன், அங்கிள்."

வாசித்தாள். அதற்கு முன், பைபிள் இருந்த சாய்மேசையைத் தரையில் கரகரவென்று இழுத்து இடப்பக்கமாகத் திருப்பிப் போட்டாள். இப்போது அவள் கண் பைபிளில் இருந்தது. முகமோ முன்வரிசையில் இருந்த ஜெபராஜுக்கு நேரே இருந்தது. கடைசி வசனம்வரை அந்த முகம் அசையவில்லை.

அன்று பாடகர் குழுவையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஜெபராஜ்தான்.